ஃபோர்ட் கெனிங் மலை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் வெள்ளிக்கிழமை கும்பிட்டுவிட்டு, அருகிலுள்ள ஃபோர்ட் கெனிங் மலையில் ஒரு சுற்று நடப்பது என் பல ஆண்டுப் பழக்கம். ஊரிலிருந்து வரும் உறவினர்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் என்று யாராவது கூடவே வந்து ஒட்டிக்கொள்வார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டே பதில் சொல்வதைவிட ஒரு முறை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றினேன்.

கோட்டை பார்க்கலாம் என்றுதானே கூட்டிவந்தீர்கள்? கோட்டை எங்கே?

1907இல் இடித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது ஒரு நுழைவாயில், கொஞ்சம் மதில், சில பீரங்கிகள். செஞ்சியையும் வேலூரையும் பார்த்த கண்ணோடு வந்தால் ஏமாற்றம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோட்டையை 1859இல் கட்டத் தொடங்கி 1861இல் முடித்தார்கள். அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது. 1867இல்தான் லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போனது. அதனால்தான் இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கெனிங் பிரபுவின் பெயர் இந்த மலைமீது உட்கார்ந்தது. 1857 கிளர்ச்சியின்போது பதவியில் இருந்தவர் அவர்தான். கோட்டை தன் வாழ்நாளில் ஒரு போரையும் காணவில்லை. கடலுக்கும் கோட்டைக்கும் நடுவே ஊர் இருந்தது. எதிரிக் கப்பலும் கோட்டையும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டால் முதலில் நொறுங்குவது கடைவீதிதான். அக்காலத்தவரே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

டிக்கெட் வாங்க வேண்டுமா? எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

பூங்காவுக்கு டிக்கெட் இல்லை, எந்நேரமும் திறந்திருக்கும். நிலத்தடிப் போர் அறைகளுக்கு மட்டும் தனி நேரமும் தனி ஏற்பாடும் உண்டு. அவை அவ்வப்போது மாறியிருக்கின்றன. புறப்படும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த எம்ஆர்டியில் இறங்குவது? கைப்பேசி ஒவ்வொரு தடவையும் வேறு வழியைக் காட்டுகிறது.

கைப்பேசியைக் குறை சொல்லாதீர்கள். 18 ஹெக்டேர் பரப்புள்ள இந்த மலைக்கு முன்வாசல் என்று ஒன்று கிடையாது. டோபி காட்டில் இறங்கினால் வடக்குப் பக்கம், கிளார்க் கீயில் இறங்கினால் ஆற்றுப் பக்கம், பிராஸ் பசாவில் இறங்கினால் தேசிய அரும்பொருளகத்தின் பக்கம். 2017இல் டௌன்டௌன் வழித்தடத்தில் ஃபோர்ட் கெனிங் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வந்துவிட்டது. கோயிலையும் மலையையும் ஒரே நடையில் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுதான் வசதி.

நண்பர்களோடு சந்திப்பதாக இருந்தால் "ஃபோர்ட் கெனிங்கில் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு அடிவாரத்தில் நின்று அரை மணி நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா, அண்ணே?

தாராளமாக. மலை என்று பெயர்தான். உயரம் ஏறக்குறைய 48 மீட்டர். பதினாறு, பதினேழு மாடி வீவக (அரசு வீடமைப்புக் கழக) கட்டடத்தின் உயரம். ஆனால் ஹில் ஸ்திரீட் பக்கமோ ரிவர் வேலி ரோடு பக்கமோ படியேறினால் அந்த 48 மீட்டரும் முழங்காலில் தெரியும். கெனிங் வாக் வழியாக டாக்சி மேலே இருக்கும் தங்கும் விடுதிவரை போகும். 1926இல் படைத் தலைமையகமாகக் கட்டிய கட்டடம் அது. அங்கே இறங்கிக்கொண்டு, பெரும்பாலும் சமதரையிலும் இறக்கத்திலும் நடக்கலாம்.

காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் போங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள். இடி இடித்தால் பெரிய மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஊரில் மரத்தடிதான் பழக்கம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

படிக்கட்டுக் குகைக்குள் நின்று எல்லாரும் படம் போடுகிறார்களே, அது எங்கே?

டோபி காட் பக்கம், பினாங்கு ரோட்டை ஒட்டி. சாலைக்கு அடியில் நடந்துபோனால் ஒரு வட்டக் கிணறு போன்ற இடம் வரும். சுழன்று ஏறும் படிகள், தலைக்குமேல் மரக்கிளை. அழகான இடம்தான், மறுக்கவில்லை. வார இறுதியில் வரிசை நீளும். புதன்கிழமை காலையில் போனால் உங்களுக்கும் பல்லிக்கும் மட்டும்தான் இடம்.

படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பி ரயிலேறிவிடுகிறவர்கள்தான் அதிகம். மலையின் மிச்சக் கதை அந்தப் படிகளுக்கு மேலே இருக்கிறது.

ஆற்றோரப் பூங்கா என்கிறீர்கள். மேலே ஏறினால் ஆறே தெரியவில்லையே?

கட்டடங்கள் மறைத்துவிட்டன. ஒரு காலத்தில் ஆறு மட்டுமல்ல, கடலே தெரிந்தது. வரும் கப்பல்களை ஊருக்கு அறிவிக்கும் கொடிமரம் இங்கே இருந்தது. 1903இல் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். நகரத்தின் கட்டடங்கள் உயர்ந்து அதன் ஒளியை மறைத்ததால் 1958இல் ஓய்வு கொடுத்தார்கள். நீங்கள் இப்போது பார்ப்பது மாதிரி வடிவம்.

ஆற்றைப் பார்க்க ரிவர் வேலி ரோட்டுப் பக்கம் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். கிளார்க் கீ வந்துவிடும். சரக்குத் தோணிகள் நெரிசலாக நின்ற இடம் அது. 1977இல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவு 1987இல் முடிந்தது. இடையிலேயே தோணிகளை ஆற்றைவிட்டு அனுப்பிவிட்டார்கள். 2008இல் மரினா அணை வந்தபின் கடல்நீர் உள்ளே ஏறுவதில்லை. முன்பு உப்பும் சேறுமாக நாறிய ஆறு இன்று குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி. பழையவர்களிடம் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

'தடைசெய்யப்பட்ட மலை' என்று பலகையில் பார்த்தேன். யார் தடுத்தது? எதற்கு?

மலாய்க்காரர்கள் இதை புக்கிட் லாராங்கான் என்றார்கள். புக்கிட் என்றால் மலை. லாராங்கான் என்றால் தடை. பழைய அரசர்களின் அரண்மனை இங்கே இருந்தது, அவர்கள் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள், ஆகவே குடிமக்கள் ஏறக்கூடாது என்பது வழிவழி நம்பிக்கை. 1819இல் பிரிட்டிஷார் வந்தபோது உள்ளூர்க்காரர்கள் ஏறத் தயங்கியதையும், மலாக்காவிலிருந்து வந்த ஆட்களைக் கொண்டு பிரிட்டிஷ் அதிகாரி ஃபார்க்குவார் காட்டை வெட்டியதையும் முன்ஷி அப்துல்லா எழுதிவைத்திருக்கிறார். மலாய் உரைநடையின் முன்னோடி என்று கொண்டாடப்படும் இந்த அப்துல்லா, தமிழும் அரபும் கலந்த வழியில் வந்தவர். சிறுவயதில் தமிழும் படித்தவர்.

தடைக்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். மலைச்சரிவில் ஓர் ஊற்று இருந்தது. அரசிகள் நீராடும் இடம் என்பதால் அதற்கும் பாஞ்சூர் லாராங்கான், தடைசெய்யப்பட்ட ஊற்று என்று பெயர். பிரிட்டிஷார் வந்த தொடக்கத்தில் கப்பல்களுக்குக் குடிநீர் இந்த ஊற்றிலிருந்துதான் போனது. கப்பல்கள் பெருகியதும் மலையைச் சுற்றிக் கிணறுகள் தோண்டினார்கள், ஊற்று வற்றிவிட்டது. அதன் நினைவாக அமைத்த ஒன்றைப் பூங்காவில் இப்போது பார்க்கலாம். இந்த மலையைப் புரிந்துகொள்ள என் வழி, தண்ணீரைப் பின்தொடர்ந்து போவதுதான். கீழே வரும் பதில்களில் அது தெரியும்.

அரசர்கள் இருந்தார்கள் என்பது கதையா, ஆதாரம் உண்டா?

ஆதாரம் மண்ணுக்குள் இருந்தது. 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் இங்கே சுற்றிவந்து செங்கல் அடித்தளங்கள், பழமரங்கள், பழைய சீனக் காசுகள் பற்றிக் குறித்துவைத்தார். 1920களில் உச்சியில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய கூலிகளின் மண்வெட்டியில் தங்க நகைகள் தட்டுப்பட்டன. அதில் ஒரு தோள்வளையில் காலன் முகம் இருக்கிறது. நம் கோயில் கோபுரத்திலும் தோரணத்திலும் கண்ணை உருட்டிக்கொண்டு இருக்குமே கீர்த்திமுகம், அதன் ஜாவாத் தம்பி என்று சொல்லலாம். 14ஆம் நூற்றாண்டுக் கைவேலை.

1984இல் பேராசிரியர் ஜான் மிக்சிக் முறையான அகழாய்வைத் தொடங்கினார். சீனப் பீங்கான், கண்ணாடி மணிகள், மட்பாண்டங்கள் கிடைத்தன. 1819இல் பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் வருவதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வசதியான ஒரு குடியிருப்பு இருந்தது என்பதற்கு இனி சந்தேகம் இல்லை. அகழாய்வுக் குழி கூரைக்குக் கீழே காட்சிக்கு இருக்கிறது. கூட்டம் இருக்காது. நகைகள் தேசிய அரும்பொருளகத்துக்குச் சொந்தம்.

அந்தக் கூரைக்குக் கீழ் இருக்கும் சமாதி யாருடையது? நாம் கும்பிடலாமா?

இஸ்கந்தர் ஷா சமாதி என்பார்கள்; சிங்கப்பூரின் கடைசி அரசர், பிறகு மலாக்காவை நிறுவியவர். அவர் இறந்தது இங்கே அல்ல என்பதால் உள்ளே அவர் இருக்கிறாரா என்ற வாதம் நீண்டகாலமாக உண்டு. கிராஃபர்ட் வந்த காலத்திலேயே மக்கள் இதை வணங்கிவந்தார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் சீனர்களும்கூட. மலாயில் இப்படிப்பட்ட இடத்தைக் 'கெராமத்' என்பார்கள்.

அமைதியாக நின்று வணங்கினால் யாரும் தடுக்கமாட்டார்கள். கற்பூரம் ஏற்றுவதும் தேங்காய் உடைப்பதும் வேண்டாம். அதற்குக் கீழே கோயில் இருக்கிறது.

புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். பிறகுதான் சுவரில் கல்லறைக் கற்களைப் பார்த்தோம். பேய் பிசாசு உண்டா?

நீங்கள் சாப்பிட்ட இடம் 1865வரை கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். 600 பேருக்குமேல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் சீனக் கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு. பிற்பாடு நிலத்தைச் சீராக்கி, எஞ்சிய கற்களைச் சுவரில் பதித்தார்கள். ஊரின் முதல் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மனின் நினைவுக்கல்லும் அதில் ஒன்று. கோல்மன் பாலம் இவர் பெயரில்தான்.

கற்களை நிதானமாகப் படித்தால் பேயைவிட வேறொன்று மனத்தைப் பிசையும்: எத்தனை குழந்தைகள், எத்தனை இளம் வயது. வெப்பமண்டலக் காய்ச்சல் ஆளும் இனத்தையும் விட்டுவைக்கவில்லை. பேயைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்ததெல்லாம் இரவில் புல்வெளியில் இசை நிகழ்ச்சி முடிந்தபின் மிஞ்சும் குப்பைதான்.

ராஃபிள்ஸ் இந்த வீட்டில்தான் குடியிருந்தாரா?

இடம் ஏறக்குறைய அதே. வீடு 2003இல் கட்டியது. அசல் வீடு மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டது. 1823 தொடக்கத்தில் அவர் குடியேறினார், ஜூன் மாதம் சிங்கப்பூரைவிட்டே போய்விட்டார், திரும்பவில்லை. அதாவது அரை ஆண்டு வாடகைக்கு இருந்தவர் பெயரில் வீடு நிற்கிறது. வாடகை வீட்டில் பத்து ஆண்டு இருந்தவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். இங்கேயே சாக நேர்ந்தால் மலாய் அரசர்களின் எலும்புகளோடு கிடக்கலாம் என்று அவர் கடிதத்தில் எழுதினார். அந்த ஆசை நிறைவேறவில்லை.

அவருக்குப்பின் ஆளுநர்கள் இங்கே வசித்ததால் அரசாங்க மலை என்று பெயர் மாறியது. வீட்டை இடித்துத்தான் கோட்டை வந்தது.

வெள்ளைக்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்தது இங்கேயா?

முடிவெடுத்தது இங்கே, கையெழுத்திட்டது புக்கிட் தீமாவில், ஃபோர்டு கார் ஆலையில். இரண்டும் ஒரே நாள், 1942 பிப்ரவரி 15. சீனப் புத்தாண்டுப் பொழுது. நிலத்துக்கு 9 மீட்டர் கீழே இருக்கும் போர் அறைகளில் அன்று காலை பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் தன் அதிகாரிகளைக் கூட்டினார். தண்ணீர், எரிபொருள், குண்டுகள் எல்லாம் தீர்ந்துகொண்டிருந்தன. மாலையில் ஜப்பானியத் தளபதி யமாஷிதா முன் உட்கார்ந்தார்.

இங்கேயும் தண்ணீரைக் கவனியுங்கள். தீவின் நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தன. நகரக் குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்து நீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. பல லட்சம் மக்கள் அடைந்துகிடந்த ஊர் எத்தனை நாள் தாங்கும்?

உச்சியில் ஒரு பெரிய இடத்தை வேலி போட்டு அடைத்திருக்கிறார்களே, ராணுவமா?

நீர்த்தேக்கம். 1929இல் முடிந்தது. மேலே புல் மூடியிருப்பதால் திடல்போலத் தெரியும். முன்பு சொன்ன தங்க நகைகள் இதற்காகத் தோண்டும்போது வந்தவைதான். நகரக் குடிநீர் என்பதால் பாதுகாப்பு பலம். ஆக, மலையுச்சி இன்றுவரை நமக்குத் தடைசெய்யப்பட்டதாகவே இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள்.

கோயிலை விட்டால் நம் ஆட்களுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம்?

மலைமேல் தேடினால் அதிகம் கிடைக்காது. அடிவாரத்தைச் சுற்றி நடங்கள். நம்மவர்கள் தண்ணீர் ஓடிய பக்கமெல்லாம் இருந்தார்கள்.

வடக்கே டோபி காட். பெயரிலேயே சலவைத் துறை இருக்கிறது. இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகிவிட்ட ஓடையில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் காயப்போட்டார்கள். மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் நிலையத்தில் தினமும் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பெயரை அறிவிப்பில் கேட்கிறார்கள், எத்தனை பேருக்குத் துணி துவைக்கும் ஓசை கேட்கிறது?

தெற்கே ஆறு. சீனர்கள் கைக்குப் போகும்முன் ஆற்றின் சரக்குத் தோணிகளைப் பெரும்பாலும் ஓட்டியவர்கள் சூலியாக்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். ஆற்றுக்கு அப்பால் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள். 1819இல் ராஃபிள்ஸின் கப்பலில் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார்.

கிழக்கே, பிராஸ் பசா பக்கம், இந்தியக் கைதிகளின் சிறை. 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். சாலை, பாலம், வாய்க்கால் என்று ஊரின் எலும்புக்கூட்டை அவர்கள் கட்டினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலும் அதிபர் மாளிகையான இஸ்தானாவிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. 1873வரை இந்த ஏற்பாடு நடந்தது. மேற்கே கோயில்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆளுநர் வீட்டுக்கு நினைவு வீடு உண்டு, கலங்கரை விளக்கத்துக்கு மாதிரி வடிவம் உண்டு. துணி துவைத்தவருக்கு ரயில் நிலையப் பெயர் ஒன்றுதான். இது எனக்குக் குறைதான். பூங்காவைக் கவனிப்பவர்களோடு சண்டை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாமே நம் பிள்ளைகளிடம் சொல்லவில்லையே.

ராஜேந்திர சோழன் சிங்கப்பூரைப் பிடித்தானாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

அனுப்பியவரிடம் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். ராஜேந்திரன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின்மீது கடற்படை அனுப்பியது உண்மை. தஞ்சைக் கல்வெட்டில் கடாரம், மலையூர், இலங்காசோகம், நக்கவாரம் என்று அவன் வென்ற இடங்கள் வரிசையாக இருக்கின்றன. சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசெக் அதில் இல்லை. அந்தப் பெயர் ஏடுகளில் தெளிவாக வருவதே 14ஆம் நூற்றாண்டில்தான்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரும்பாறை இருந்தது. மூன்று மீட்டர் உயரம், ஏறக்குறைய 50 வரி எழுத்து. அப்துல்லா அதை நேரில் பார்த்தவர். யாராலும் படிக்க முடியாத அந்த எழுத்தை இந்துக்கள் இந்திய எழுத்து என்றும், சீனர்கள் சீன எழுத்து என்றும் சொன்னதாக எழுதுகிறார். அவரவர் தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்! 1843இல் கட்டுமான வேலைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு கல்கத்தா போய்த் திரும்பி, இப்போது மலையடிவாரத்தில் தேசிய அரும்பொருளகத்தின் வசம் இருக்கிறது.

அந்தத் துண்டில் 'கேசரிவ' என்று படிக்கலாம், அது 'பரகேசரிவர்மன்' என்பதன் பகுதியாக இருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர் ஒரு கருத்தை முன்வைத்தார். பரகேசரி என்பது ராஜேந்திரன் உட்பட சோழ அரசர்கள் மாறிமாறிச் சூடிய பட்டம். வாட்ஸ்அப் செய்தியின் வேர் இதுதான். எழுத்து பழைய ஜாவாவின் கவி எழுத்தை ஒத்தது என்போர் உண்டு. பாறையின் காலம் 10ஆம் நூற்றாண்டா 14ஆம் நூற்றாண்டா என்பதிலும் ஒருமித்த முடிவில்லை. 'இருக்கலாம்' என்று அறிஞர் சொன்னதை 'பிடித்தான்' என்று மாற்றியது அனுப்பியவரின் கைங்கரியம். எனக்கும் கேட்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அதனால்தான் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

பரமேஸ்வரன், சங் நீல உத்தமன்... பெயரெல்லாம் நம் பெயராக இருக்கிறதே. தமிழர்களா?

இல்லை. சமஸ்கிருதப் பெயர் சூடிய மலாய் அரசர்கள். சுமத்ராவின் பலெம்பாங்கிலிருந்து வந்தவர்கள். சிங்கபுரம் என்ற பெயரும் அந்த வழியில் வந்ததே. இதனால் நமக்குப் பெருமை குறைந்துவிடாது; தொடர்பு வேறு வழியில் வருகிறது.

மலாய் அரசமரபின் பழங்கதைகளைத் தொகுத்த 'செஜாரா மெலாயு'வில் சோழ அரசன் ஒருவன் சீனாவைப் பிடிக்கப் படையோடு தெமாசெக்வரை வருகிறான். சீனர்கள் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்லுப்போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். "சீனா எவ்வளவு தூரம்?" என்று கேட்டதற்கு, "புறப்படும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த ஊசிகள் இரும்புக் கம்பிகளாக இருந்தன, மரங்கள் விதையாக இருந்தன" என்கிறார்கள். அரசன் கப்பலைத் திருப்பிவிடுகிறான். அதே ஏட்டில் சிங்கப்பூரின் இரண்டாம் அரசருக்கு மணமுடிக்கப்பட்ட இளவரசி, கலிங்க அரசர் ஜம்புக ராம முதலியாரின் மகள். மலாய் ஏடுகள் கலிங்கம் என்பது பொதுவாகத் தென்னிந்தியாவை. முதலியார் என்ற பட்டமே சொல்லிவிடுகிறது.

இன்னொன்று: கலிங்கத்திலிருந்து வந்த மல்லனோடு பாடாங் என்ற பலசாலி போட்டியிட்டு, அரண்மனை முன்னால் கிடந்த பாறையைத் தூக்கி ஆற்றுமுகத்தில் எறிந்தான் என்கிறது ஏடு. மேலே சொன்ன எழுத்துப் பாறை அதுதான் என்று நம்பியவர்கள் உண்டு. இவையெல்லாம் நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதிய கதைகள். வரலாறாகப் படிக்க வேண்டாம். ஆனால் மலையின் அரசர்கள் கதை சொல்லும்போது நம்மை மறக்கவில்லை.

அங்கிள், இங்கே சிங்கம் இருந்ததா?

இல்லை, கண்ணா. புலிதான் இருந்தது. சிங்கம் என்று நினைத்து ஊருக்குப் பெயர் வைத்த சங் நீல உத்தமன் அவசரத்தில் பார்த்துவிட்டார்.

ஜாதிக்காய் மரத்தடியில் பழம் விழுந்து கிடக்கிறது. இரண்டு எடுத்துக்கொண்டால் என்ன?

எடுக்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் பூங்காக்களில் பறித்தாலும் பொறுக்கினாலும் அபராதம் விதிக்க முடியும். அஞ்சறைப் பெட்டிக்குத் தேக்கா சந்தையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்வது மலிவு. மோந்து பார்க்கத் தடையில்லை. 1822இல் ராஃபிள்ஸ் இந்தச் சரிவில்தான் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்க்க ஒரு சோதனைத் தோட்டம் போட்டார்; 1829இல் கைவிட்டார்கள். இப்போதிருக்கும் நறுமணத் தோட்டம் அதன் நினைவு. புகைபிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2022 ஜூலை முதல் பொதுப் பூங்காக்களில் தடை.

என் மாமியார் இதை 'சென்ட்ரல் பார்க்' என்கிறார். வேறு பூங்காவா?

அதே பூங்காதான். 1970களில் அந்தப் பெயர். 1981இல் ஃபோர்ட் கெனிங் பூங்கா ஆனது. அப்போது லீ குவான் இயூ ஒரு மரம் நட்டார். மாமியாரிடம் வான் கிளீஃப் மீன் காட்சியகத்தையும் தேசிய அரங்கையும் பற்றிக் கேளுங்கள். ஆற்றுப் பக்க அடிவாரத்தில் இருந்த அவை இரண்டும் இன்று இல்லை. ஒரு மாலைப்பொழுது போதாது, அவ்வளவு கதை வரும்.

டேங்க் ரோட்டில் 'டேங்க்' எங்கே இருக்கிறது? இருபது ஆண்டாகத் தேடுகிறேன்.

தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோட்டிலிருந்து பால்குடமும் காவடியும் வந்து சேரும் தெருவுக்கு இப்படியொரு பெயர் என்று நானும் சிறுவயதில் குழம்பியிருக்கிறேன். அது தொட்டி இல்லை, குளம். கோயில் எழும்பும் முன் இங்கே குளக்கரையில் ஓர் அரசமரம் நின்றது. அதன் அடியில் முருகனின் வேல் நட்டு வழிபட்டார்கள். குளத்தை நிரப்பியது மலையிலிருந்து இறங்கிய நன்னீர். அந்த இடத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859இல் கோயில் எழுப்பினார்கள். மேலே கோட்டைக்குக் கடைக்கால் போட்ட அதே ஆண்டு. கோட்டை கட்டிமுடித்த 46 ஆண்டுகளில் தரைமட்டமானது. கோயில் புதுப்பிக்கப்பட்டு, 2014இல் தேசிய நினைவுச்சின்னமாகி, வெள்ளிக்கிழமைதோறும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

குளமும் மரமும் போய்விட்டன. 1903இல் இந்தத் தெருவில் ரயில் நிலையம்கூட வந்தது. 1932இல் அதையும் மூடிவிட்டார்கள். இனித் தேட வேண்டாம். யாராவது கேட்டால், கோயில் வாசலில் நின்றபடி மலையுச்சியைக் காட்டுங்கள். வேலிக்குள், புல்லுக்கு அடியில், இந்த மலையின் 'டேங்க்' இப்போது அங்கே இருக்கிறது.